கோவிட்-19 தொடக்ககால மருத்துவச் சான்றுகள் (தமிழ்நாடு)

கோவிட்-19 தொடக்ககால மருத்துவச் சான்றுகள் என்பது, 2020 ஆம் ஆண்டில் கோவிட்-19 தொற்று தமிழ்நாட்டில் பரவத் தொடங்கியபோது அந்நோயின் பரவல், கண்டறிதல், தடுப்பு, சிகிச்சை ஆகியவை குறித்துக் கிடைத்த முழுமையுறாத ஆய்வு முடிவுகளையும், அவை மதிப்பிடப்பட்ட முறைகளையும் குறிக்கும். திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் (ஸ்ரீரங்கம்) போன்ற ஊர்களில் கோயில், சந்தை, மருத்துவமனை ஆகியவை பற்றிய முடிவுகள் உறுதியான சான்றுகள் கிடைப்பதற்கு முன்னரே எடுக்கப்பட வேண்டியிருந்தன. அவ்வாறு எடுக்கப்பட்ட முடிவுகளுள் சில பின்னர் சரியென நிறுவப்பட்டன, சில கைவிடப்பட்டன. எது நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்பதைத் தீர்மானித்ததில் சமவாய்ப்பு மருத்துவ ஆய்வுகள் பெரும் பங்கு வகித்தன.

பின்னணி

இந்தியாவின் முதல் கோவிட்-19 நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதிசெய்யப்பட்டது. மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு இதனை உலகளாவிய பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை கோவிட்-19 சிகிச்சை மையமாக இயங்கியது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் அமைந்துள்ள திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் மார்ச் மாதம் பக்தர்களின் வழிபாடு நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டின் பெரிய கோயில்கள் 2020 செப்டம்பர் 1 முதல் மீண்டும் திறக்கப்பட்டன. திருச்சி காந்தி சந்தை மூடப்பட்டு, அதன் மொத்த வணிகம் பொன்மலை ஜி கார்னர் திடலுக்கு மாற்றப்பட்டது.

இம்முடிவுகள் எடுக்கப்பட்ட காலத்தில் நோய் எவ்வழியாகப் பெரிதும் பரவுகிறது, நோயுற்றோரில் எத்தனை பேர் இறப்பர், எம்மருந்து பயன்தரும் ஆகிய மூன்று வினாக்களுக்கும் உறுதியான விடை இல்லை.

சான்றுகளின் படிநிலை

மருத்துவச் சான்றுகள் அனைத்தும் ஒரே வலிமை உடையன அல்ல. பொதுவாக அவை கீழ்க்காணும் வரிசையில், வலிமை குறைந்தது முதல் கூடியது வரை, வகைப்படுத்தப்படுகின்றன.

1. ஆய்வகச் சான்று: கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் மருந்து தீநுண்மியைத் தடுக்கிறதா என்பதைக் காட்டும். மனித உடலில் அதே விளைவு உண்டாகும் என்பதற்கு உறுதி இல்லை.
2. தனி நோயாளி அறிக்கைகள்: மருந்து பெற்ற சிலர் குணமடைந்ததைக் கூறும். கோவிட்-19 நோயாளிகளுள் பெரும்பாலோர் எம்மருந்தும் இன்றியே குணமடைவதால், இவ்வகைச் சான்று எளிதில் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.
3. நோக்கீட்டு ஆய்வுகள்: மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிடும். ஆனால் யாருக்கு மருந்து தருவது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிப்பதால், இரு குழுக்களும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருக்கக்கூடும்.
4. சமவாய்ப்பு ஆய்வுகள்: யாருக்கு மருந்து என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படும். போதிய எண்ணிக்கையில் நோயாளிகள் சேர்க்கப்படும்போது வயது, உடல்நிலை, வசதி ஆகிய வேறுபாடுகள் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படும்.

பெருந்தொற்றின் முதல் வாரங்களில் முதல் இரு வகைச் சான்றுகளே கிடைத்தன. நான்காம் வகைச் சான்று கிடைக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின.

ஐதராக்சிகுளோரோகுயின்

ஐதராக்சிகுளோரோகுயின், மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு நெருங்கிய மருந்து ஆகும். முடக்குவாதம், தோல்முருடு (லூபசு) ஆகிய நோய்களுக்கு இது நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. 2020 பிப்ரவரியில் சீன ஆய்வாளர்கள், குளோரோகுயின் ஆய்வகத்தில் தீநுண்மியைத் தடுப்பதாக அறிவித்தனர்.

2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்து பெற்ற 26 பேரும் பெறாத 16 பேரும் இதில் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆறாம் நாளில் மருந்து பெற்றோரில் 70 விழுக்காட்டினரின் மூக்குச்சளி மாதிரியில் தீநுண்மி காணப்படவில்லை எனவும், பெறாதோரில் இது 12.5 விழுக்காடு மட்டுமே எனவும் ஆய்வு கூறியது. எனினும் இதில் பெருங்குறைகள் இருந்தன.

மருந்து பெற்ற 26 பேரில் 6 பேர் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர்களுள் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டனர்; ஒருவர் இறந்தார்; ஒருவர் மருத்துவமனையை விட்டுச் சென்றார்; ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார். நிலைமை மோசமடைந்தோர் விலக்கப்பட்டதால், எஞ்சியோரின் முடிவு சிறப்பாகத் தோன்றியது. மேலும், குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. நோயாளி பிழைத்தாரா என்பதற்கு மாறாக, மாதிரியில் தீநுண்மி உள்ளதா என்பதே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

2020 மார்ச் 22 நாளிட்ட அறிவுரையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பணிக்குழு, நோயாளிகளைக் கவனிக்கும் அறிகுறியற்ற மருத்துவப் பணியாளர்களும், நோய் உறுதியானோரின் வீட்டாரும் இம்மருந்தைத் தடுப்புக்காக உட்கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது. திருச்சி உட்பட நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளின் பணியாளர்களுக்கு இப்பரிந்துரை பொருந்தியது. மருந்து உட்கொள்வோர் போலியான பாதுகாப்பு உணர்வு கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையும் அதில் இடம்பெற்றிருந்தது. மே 22 அன்று வெளியான திருத்தத்தில் முன்களப் பணியாளர்களும் சேர்க்கப்பட்டனர்.

இப்பரிந்துரைக்கு ஆதரவான வாதம் எளிமையானது: மருந்து பழையது, மலிவானது, பக்கவிளைவுகள் அறியப்பட்டவை, பயன் இருப்பின் உயிர்கள் காக்கப்படும். எதிர்வாதங்கள் மூன்று. முதலாவது, இம்மருந்து சிலருக்கு இதயத்துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும். இரண்டாவது, மக்கள் மருந்தை வாங்கிக் குவித்தால் லூபசு, முடக்குவாத நோயாளிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்படும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு இந்திய அரசு மார்ச் மாத இறுதியில் இதன் ஏற்றுமதியையும் சில்லறை விற்பனையையும் கட்டுப்படுத்தியது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஏப்ரலில் தளர்த்தப்பட்டது. மூன்றாவது, அனைவரும் மருந்தை உட்கொண்டுவிட்டால் ஒப்பிடுவதற்கு ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். மருந்து பயன்தருகிறதா என்பது அறியப்படாமலே போகும்.

2020 இல் வெளியான ஓர் இந்திய நோக்கீட்டு ஆய்வு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தவணைகள் உட்கொண்ட மருத்துவப் பணியாளர்களிடம் தொற்று குறைவாக இருந்ததாகக் கூறியது. இவ்வகை ஒப்பீட்டில் இரு ஐயங்கள் எழுகின்றன. தவறாமல் மருந்து உட்கொள்பவர் கவச உடையையும் முறையாக அணிபவராக இருக்கலாம். மேலும், தொடக்கத்திலேயே தொற்று ஏற்பட்டவர் நான்கு தவணைகளை முடிக்க வாய்ப்பு குறைவு. எனவே நான்கு தவணை முடித்தோர் என்ற குழுவே தொற்றுக்கு ஆளாகாதோரைப் பெரிதும் கொண்டதாக அமைந்துவிடும்.

எதிர்த்திசையிலும் பிழை நேர்ந்தது. 2020 மே 22 அன்று 'த லான்செட்' இதழில் வெளியான கட்டுரை, 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்ததாகவும், இம்மருந்து இறப்பை அதிகரிப்பதாகவும் கூறியது. மூலத் தரவுகளைச் சரிபார்க்க இயலாததால் ஜூன் 4 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. எண்ணிக்கையின் பெருமை தரவின் நம்பகத்தன்மைக்கு மாற்றாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ஜூன் 2020 இல் சமவாய்ப்பு ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. தொற்றுக்கு ஆட்பட்ட 821 பேரிடம் வட அமெரிக்காவில் நடத்தப்பட்ட தடுப்பாய்வில், மருந்து பெற்றோரில் 11.8 விழுக்காட்டினருக்கும் போலிமருந்து பெற்றோரில் 14.3 விழுக்காட்டினருக்கும் நோய் ஏற்பட்டது. இவ்வேறுபாடு தற்செயலாக நிகழக்கூடிய அளவினதே. பிரித்தானியாவின் 'ரிக்கவரி' ஆய்வில் மருந்து பெற்ற 1,561 பேரில் 27.0 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்ற 3,155 பேரில் 25.0 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். மருந்தால் பயன் இல்லை என்பது தெளிவாயிற்று. 2021 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு தடுப்புக்காக இதனைப் பயன்படுத்த வேண்டாம் என அறிவுறுத்தியது. 2021 செப்டம்பரில் இந்தியாவின் தேசியச் சிகிச்சை வழிகாட்டலிலிருந்தும் இது நீக்கப்பட்டது.

குருதிநீர்ச் சிகிச்சை

நோயிலிருந்து மீண்டவரின் குருதிநீரில் (பிளாசுமா) நோயெதிர்ப்புப் பொருட்கள் உள்ளமையால், அதனை நோயாளிக்குச் செலுத்துவது பயன்தரும் எனக் கருதப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் 'பிளாசிட்' எனப்படும் சமவாய்ப்பு ஆய்வை 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை நடத்தியது. நோய் தீவிரமடைந்தோர் அல்லது இறந்தோரின் விகிதம் குருதிநீர் பெற்ற குழுவில் 19 விழுக்காடாகவும், பெறாத குழுவில் 18 விழுக்காடாகவும் இருந்தது. இம்முடிவு 2020 அக்டோபரில் பி.எம்.ஜே. இதழில் வெளியானது.

இதற்கிடையில் 2020 ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் குருதிநீர் வங்கி தொடங்கப்பட்டிருந்தது. ஆய்வு முடிவு வெளியான பின்னரும் நோயாளிகளின் உறவினர்கள் கொடையாளரைத் தேடி அலையும் நிலை, 2021 இன் இரண்டாம் அலை வரை நாட்டின் பல பகுதிகளில் தொடர்ந்தது. 2021 மே 17 அன்று இச்சிகிச்சை தேசிய வழிகாட்டலிலிருந்து நீக்கப்பட்டது. சான்று கிடைப்பதற்கும் நடைமுறை மாறுவதற்கும் இடையில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் கழிந்தன.

டெக்சாமெத்தசோன்

டெக்சாமெத்தசோன் மலிவான இசுட்டீராய்டு மருந்து ஆகும். 2020 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பின் இடைக்கால வழிகாட்டல், இசுட்டீராய்டுகளை வழக்கமாகத் தரவேண்டாம் எனக் கூறியிருந்தது. ரிக்கவரி ஆய்வின் முடிவு 2020 ஜூன் 16 அன்று அறிவிக்கப்பட்டபோது இந்நிலை மாறியது. செயற்கைச் சுவாசம் பெற்ற நோயாளிகளில், இம்மருந்து பெற்றோரில் 29.3 விழுக்காட்டினரும் பெறாதோரில் 41.4 விழுக்காட்டினரும் இறந்தனர். உயிர்வளி மட்டும் பெற்றோரில் இவ்விகிதம் முறையே 23.3, 26.2 விழுக்காடாக இருந்தது. உயிர்வளி தேவைப்படாதோரில் பயன் காணப்படவில்லை. அக்குழுவில் மருந்து பெற்றோரின் இறப்பு விகிதம் 17.8 விழுக்காடாகவும், பெறாதோரின் விகிதம் 14.0 விழுக்காடாகவும் இருந்தது.

ஜூன் 27 அன்று இந்திய நலவாழ்வு அமைச்சகம் இம்மருந்தை வழிகாட்டலில் சேர்த்தது. எந்த நோயாளிக்கு, எந்நிலையில் என்ற வரையறை ஆய்வின் முடிவிலேயே அடங்கியிருந்தது. அவ்வரையறையை மீறி, லேசான நோய்நிலையிலேயே இசுட்டீராய்டு உட்கொள்ளப்பட்டது, 2021 இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

கபசுரக் குடிநீரும் பி.சி.ஜி. தடுப்பூசியும்

2020 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'ஆரோக்கியம்' திட்டத்தைத் தொடங்கி, சித்த மருத்துவத்தின் கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. மரபுப் பயன்பாடு, ஒரு மருந்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த காரணம் ஆகும். புதிய நோயில் அது பயன்தரும் என்பதற்கு அதுவே சான்றாகாது. இக்குடிநீர் குறித்துச் சிறிய ஆய்வுகள் வெளிவந்தன. எனினும், ரிக்கவரி ஆய்வுபோல ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் இறப்பு குறைகிறதா எனச் சோதிக்கும் ஆய்வு நடைபெறவில்லை.

பி.சி.ஜி. தடுப்பூசி குழந்தைகளுக்குப் பரவலாகப் போடப்படும் நாடுகளில் கோவிட்-19 இறப்பு குறைவு என்ற ஒப்பீடும் 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பரவியது. நாடுகளுக்கிடையே வயதுப் பரம்பல், சோதனை அளவு, தொற்று நுழைந்த காலம் ஆகியன வேறுபடுவதால் இவ்வொப்பீடு வலிமையற்றது. 2020 ஜூலையில் சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முதியோரிடம் இத்தடுப்பூசியை ஆய்வு செய்யத் தமிழ்நாடு அரசு அனுமதித்தது. ஆத்திரேலியா தலைமையில் மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இத்தடுப்பூசி கோவிட்-19 நோயைக் குறைக்கவில்லை.

சோதனை முடிவுகளைப் பொருள்கொள்ளல்

விரைவு எதிர்ப்பொருள் ஊக்கிச் சோதனைக்கு (ஆன்டிஜென் சோதனை) 2020 ஜூன் 14 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அனுமதி அளித்தது. நோயுள்ளோரை இனங்காணும் திறன் 50.6 முதல் 84 விழுக்காடு எனவும், நோயற்றோரைச் சரியாகக் காட்டும் திறன் 99.3 முதல் 100 விழுக்காடு எனவும் அறிவிக்கப்பட்டது. அறிகுறி உடையவருக்குத் தொற்று இல்லை என முடிவு வந்தால் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் எனவும் அறிவுறுத்தப்பட்டது. தமிழ்நாடு ஆர்.டி.-பி.சி.ஆர். முறையையே சார்ந்திருந்தது.

ஒரே சோதனை இடத்துக்கு இடம் வேறு பொருள் தரும் என்பதைக் கீழ்க்காணும் கற்பிதக் கணக்கு காட்டும். சோதனையின் திறன்கள் முறையே 60 விழுக்காடு, 99.5 விழுக்காடு எனக் கொள்க.

மருத்துவமனையின் காய்ச்சல் பிரிவுக்கு வரும் 1,000 பேரில் 200 பேருக்குத் தொற்று இருப்பின், சோதனை 120 பேரைக் கண்டறியும். 80 பேரைத் தவறவிடும். தொற்றற்ற 800 பேரில் 4 பேரை மட்டும் தவறாகக் குறிக்கும். இங்கு 'உண்டு' என்ற முடிவை நம்பலாம். 'இல்லை' என்ற முடிவை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்ப இயலாது.

கோயில் விழாவுக்கு வரும் 10,000 பேரில் 100 பேருக்குத் தொற்று இருப்பின், சோதனை 60 பேரைக் கண்டறியும். தொற்றற்ற 9,900 பேரில் ஏறத்தாழ 50 பேரைத் தவறாகக் குறிக்கும். 'உண்டு' எனக் குறிக்கப்பட்ட 110 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தொற்றற்றோர். தொற்றுள்ள 40 பேர் கூட்டத்துக்குள் செல்வர்.

இறப்பு விகிதம்

இறந்தோர் எண்ணிக்கையை, உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது நோயாளர் இறப்பு விகிதம் ஆகும். தமிழ்நாட்டில் 2020 நவம்பர் இறுதி வரை ஏறத்தாழ 7.8 இலட்சம் பேருக்குத் தொற்று உறுதிசெய்யப்பட்டு, ஏறத்தாழ 11,700 பேர் இறந்ததாகப் பதிவாயிற்று. இது 1.5 விழுக்காடு. ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடந்த குருதி ஆய்வில், மாநில மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே தொற்று ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. அதாவது உண்மையான தொற்று, பதிவானதைப் போலப் பல மடங்கு இருந்தது. பதிவாகாத இறப்புகளும் இருந்தமையால் இவ்விகிதத்தின் பகுதி, தொகுதி ஆகிய இரண்டும் ஐயத்துக்குரியனவாக இருந்தன.

பரவலும் பொதுவிடங்களும்

தொடக்கத்தில் தொடுபரப்புகள் வழியான பரவல் பெரிதாகக் கருதப்பட்டு, தெருக்களில் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் திருப்பூரில் மக்கள் மீது கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கவழி அமைக்கப்பட்டு, பிற ஊர்களிலும் பின்பற்றப்பட்டது. பயனுக்குச் சான்று இல்லாமையாலும் கண், தோல் ஆகியவற்றுக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதாலும், மனிதர் மீது தெளிக்க வேண்டாம் என அதே மாதம் நடுவண் அரசு அறிவுறுத்தியது.

முகக்கவசம் குறித்த நிலை இதற்கு மாறானது. இந்திய அரசு 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டில் தைத்த முகக்கவசத்தைப் பரிந்துரைத்தது. உலக சுகாதார அமைப்பு ஜூன் 5 அன்றுதான் பொதுமக்களுக்கான பரிந்துரையை விரிவாக்கியது. சான்று அப்போதும் முழுமையாக இல்லை. எனினும் துணிக் கவசத்தால் நேரும் தீங்கு சிறிது, தவறெனில் கைவிடுவதும் எளிது.

கூட்டங்களைத் தவிர்க்கும் முடிவுக்கு வேறு வகை ஏரணம் இருந்தது. 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று அரியலூர், கடலூர், விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களுக்குப் பரவியது. ஒரு கூட்டத்திலிருந்து பரவிய தொற்றை மீட்டெடுக்க இயலாது. தள்ளிவைத்த விழாவை மறு ஆண்டு நடத்த இயலும். 2020 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு நாளாக இருந்தும், தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. காவிரிக்கரையில் வழக்கமாகப் பெருங்கூட்டம் கூடும் திருவரங்கம் அம்மாமண்டபத்துக்கும் இது பொருந்தியது. இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு விலையும் உண்டு. பூக்கட்டுவோர், சிறுகடைக்காரர், சுமைதூக்குவோர், படித்துறைப் புரோகிதர் ஆகியோர் பல மாதங்கள் வருவாய் இழந்தனர். திறந்தவெளியைவிட மூடிய, காற்றோட்டம் குறைந்த இடங்களில் பரவல் மிகுதி என்பது பின்னர் தெளிவானபோது, கட்டுப்பாடுகளை நுட்பமாக வகுக்கும் வாய்ப்பு ஏற்பட்டது.

முன்னோடி ஆய்வுகள்

ஐயமான சிகிச்சைகளைச் சமவாய்ப்பு ஆய்வால் தீர்மானிக்கும் மரபு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு வீட்டிலும் மறு குழுவுக்குக் காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. வீட்டாருக்குத் தொற்று மிகவும் இல்லை. 1959 இல் வெளியான இம்முடிவு, காசநோய்க்கு மருத்துவமனை வாசம் இன்றியமையாதது என்ற உலகளாவிய கருத்தை மாற்றியது.

1968 இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் ஏறத்தாழ 2.8 இலட்சம் பேருக்குத் தடுப்பூசியோ போலிமருந்தோ அளிக்கப்பட்டது. 15 ஆண்டுக் கண்காணிப்பிலும், வயது வந்தோரை நுரையீரல் காசநோயிலிருந்து அது காக்கவில்லை எனத் தெரிந்தது. எதிர்பார்ப்புக்கு மாறான முடிவும் வெளியிடப்பட்டது இவ்வாய்வின் சிறப்பாகும்.

மதிப்பீட்டு வினாக்கள்

மேற்கண்ட நிகழ்வுகளின் அடிப்படையில், தொடக்ககாலச் சான்று ஒன்றை மதிப்பிட உதவும் வினாக்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

* யாருடன் ஒப்பிடப்பட்டது? குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனவா?
* தொடங்கிய அனைவரும் இறுதிக் கணக்கில் உள்ளனரா? விலக்கப்பட்டோர் யாவர்?
* அளக்கப்பட்டது நோயாளியின் உயிரும் நலமுமா, ஆய்வகக் குறியீடு மட்டுமா?
* மூலத் தரவுகளைப் பிறர் சரிபார்க்க இயலுமா?
* முடிவு தவறாயின் நேரும் தீங்கு எவ்வளவு? அது யாரைச் சேரும்? திரும்பப் பெற இயலுமா?
* முடிவை மறு ஆய்வு செய்யக் காலவரையறை உள்ளதா? பயன்படுத்தும்போதே சோதிக்க ஏற்பாடு உள்ளதா?

இவற்றுள் இறுதி வினா பெருந்தொற்றுக் காலத்துக்கு உரியது. உறுதியான சான்று வரும்வரை மருத்துவர் காத்திருக்க இயலாது. ஆனால் காத்திருக்க இயலாமை சோதிக்காமைக்குக் காரணமாகாது. ஐதராக்சிகுளோரோகுயின், டெக்சாமெத்தசோன் ஆகிய இரண்டும் ஒரே ரிக்கவரி ஆய்வில், ஒரே காலத்தில் சோதிக்கப்பட்டன. அவற்றுள் பெரிதும் நம்பப்பட்டது பயனற்றது எனவும், தவிர்க்குமாறு கூறப்பட்டது உயிர்காப்பது எனவும் ஜூன் மாதத்தின் இரு வாரங்களுக்குள் தெரியவந்தது.